512 பைட்டுக்குள்ள பைத்தன் போகாது

“முதல்ல பைத்தனைப் படியுங்கோ. மற்றதெல்லாம் பிறகு பாக்கலாம்.”

இந்த அறிவுரையை எங்களுக்குச் சொல்லாத ஆள் இல்லை. ரியூசன் ஆசிரியர் சொன்னார், யூரியூப் சொன்னது, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த அண்ணாமார் சொன்னார்கள், பட்டறை நடத்த வந்தவர்களும் சொன்னார்கள். கொம்பியூட்டரில் வேலை தேடப்போகிற ஆளுக்கு அது கெட்ட அறிவுரை இல்லை. ஆனால் கிணற்றுக்கட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, இரண்டு பென்ரோச் பற்றரியில் ஓட வேண்டிய ஒரு சின்ன சிப்புக்கும் அதையே சொன்னால் அது பிழை. எங்கட காசையும் நேரத்தையும் தின்கிற பிழை.

இதைப்பற்றி ஜெயபுரத்தில் எங்களுக்குள்ளேயே மூன்று மாதமாகச் சண்டை. வென்ற பக்கம் இதை எழுதுகிறது. தோற்ற பக்கத்துக்கும் இடம் விட்டிருக்கிறோம். அவர்கள் சொன்ன ஒரு விசயத்துக்கு எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை, அதை மறைக்க ஏலாது.

முதலில் கணக்கு. நாங்கள் பாவித்த சிப் ஏரிரைனி85. எட்டுக் கால், சின்னி விரல் நகத்தளவு. நிரலை வைக்கிற பிளாஷ் நினைவகம் 8 கிலோபைட். ஓடும்போது எண்களை வைத்திருக்கிற ராம் 512 பைட். கிலோபைட் இல்லை, பைட். எல்லாருக்கும் தெரிந்த ஆர்டுயினோ யூனோவில் இருக்கிற ஏரிமெகா328பி கொஞ்சம் பெரியது: பிளாஷ் 32 கிலோபைட், ராம் 2 கிலோபைட்.

இனி மைக்ரோபைத்தன். 2013 இல் டேமியன் ஜோர்ஜ் என்பவர் கிக்ஸ்ராட்டரில் மக்களிடம் காசு சேர்த்துத் தொடங்கிய நல்ல வேலை அது. பைத்தனை நுண்கட்டுப்படுத்திக்குள் அடக்கியதே பெரிய சாதனை. ஆனால் அதைச் செய்தவர்களே சொல்லுகிற ஆகக் குறைந்த தேவை 256 கிலோபைட் நிரல் இடமும் 16 கிலோபைட் ராமும். யூனோவில் இருப்பதைவிட எட்டு மடங்கு. எங்கட ஏரிரைனியில் இருப்பதைவிட 32 மடங்கு. “கொஞ்சம் மெதுவா ஓடும்” என்ற கதையே இல்லை. உள்ளுக்கே போகாது.

ஏன் இவ்வளவு இடம்? கலியாண வீட்டுக்கு நீங்கள் சோறு கொண்டுபோகலாம், அல்லது சமையல்காரரையும் அடுப்பையும் கிடாரத்தையும் அரிசி மூட்டையையும் கொண்டுபோகலாம். சி மொழியில் எழுதினால் சமையல் முழுக்க லப்டொப்பில் முடிந்துவிடும், சிப்புக்குப் போவது ஆக்கின சோறு மட்டும். பைத்தனில் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் புரிந்துகொண்டு ஓட்டுகிற இன்டர்பிரிட்டரும் சிப்புக்குள்ளேயே குடியிருக்க வேணும். பள்ளிக்கூடக் கொம்பியூட்டரில் ஓடுகிற வழமையான பைத்தன், 1 என்ற ஒற்றை எண்ணை வைத்திருக்கவே 28 பைட் எடுக்கும். மைக்ரோபைத்தன் அதைவிடச் சிக்கனம்தான். சி மொழியில் அதே எண்ணுக்கு ஒரு பைட் காணும்.

சி ஏன் இப்படி? அது பிறந்த வீடே சின்ன வீடு. 1971 அளவில் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் ஓடிய பிடிபி-11 இயந்திரத்தில் மொத்தம் 24 கிலோபைட் நினைவகம். அதில் 16 இயங்குதளத்துக்கு, மிச்சம் 8 தான் ஆட்களின் நிரலுக்கு. அந்த இயந்திரத்தைச் சுற்றித்தான் டெனிஸ் றிச்சி சி மொழியை வளர்த்தார். அந்த 8 ஐயும் எங்கட சிப்பின் 8 ஐயும் பாருங்கள். ஏரிரைனியும் ஏரிமெகாவும் சேர்ந்த ஏவிஆர் குடும்பத்தை வடிவமைத்தபோது, சி கம்பைலர் செய்கிற ஐஏஆர் நிறுவனத்தோடு இருந்து கதைத்துத்தான் கட்டளைகளைத் திருத்தினார்கள். மொழிக்கும் சிப்புக்கும் நடுவில் அப்படி ஒரு சொந்தம் இருக்கும்போது நாங்கள் வேறு மாப்பிள்ளை தேடுகிறோம்.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கம் எழும்பும். “சின்ன சிப்பை ஏன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்? பிகோ போர்ட் நாலு டொலர்தானே!”

உண்மை. றாஸ்பெரி பை பிகோ 2021 தையில் வந்தபோது விலை நாலு டொலர், ராம் 264 கிலோபைட். மைக்ரோபைத்தன் அதில் சந்தோசமாக ஓடும். ஆனால் “நாலு டொலர்தானே” என்ற சொல்லுக்கு இங்கே வேறு அர்த்தம். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதைப் பார்த்த பிள்ளைகள் நாங்கள். இறக்குமதிக்குத் தடை, பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் கட். அந்த நேரத்தில் ஒரு போர்ட் எரிந்தால் மறு போர்ட்டுக்கு எங்கே போவது? சிப் மட்டும் என்றால், ஒரு கவரில் நாலைந்து வாங்கி மேசை லாச்சியில் போட்டு வைக்கலாம். ஒன்று போனால் சொக்கற்றில் இருந்து பிடுங்கிவிட்டு மற்றதைச் செருகலாம்.

காசை விட்டால் பற்றரி. எங்கட கருவி எட்டுச் செக்கனுக்கு ஒருக்கா கண் முழித்து, தண்ணி இருக்கோ என்று பார்த்துவிட்டுத் திரும்பப் படுக்கும். படுக்கிற நேரத்தில், எழுப்பி விடுகிற உள் கடிகாரத்தோடு சேர்த்து, ஏரிரைனி குடிப்பது நாலைந்து மைக்ரோ அம்பியர். இரண்டு நல்ல பென்ரோச் பற்றரி 2000 மில்லி அம்பியர் மணி என்று வைத்தால், கணக்கு நாற்பது வருசத்தைத் தாண்டும். (அவ்வளவு காலம் எந்தப் பற்றரியும் இருக்காது. அது தன்பாட்டில் பழுதாகிறதுதான் முந்தும்.) பிகோ போர்ட் ஆழ்ந்து படுத்தாலும் ஒரு மில்லி அம்பியர் அளவில் குடிக்கும். அதே பற்றரி மூன்று மாதம் கூட வராது. வைஃபை போர்ட்டுகளில் சிப் நல்லாத்தான் படுக்கும், ஆனால் அதோடு ஒட்டியிருக்கிற சிவப்பு லைட்டும் வோல்ற்றேஜ் ரெகுலேற்றரும் படுக்காது. மைக்ரோபைத்தனிலும் படுக்க வைக்கிற கட்டளை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லவில்லை. ஈஎஸ்பி32 இல் ஆழ்தூக்கத்திலிருந்து எழும்பும்போது இன்டர்பிரிட்டர் தொடக்கத்திலிருந்து கிளம்ப வேணும். எட்டுச் செக்கனுக்கு ஒருக்கா அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைக்கிற கதை.

“அது சிப்பின் குறை, மொழியின் குறை இல்லையே” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. எங்கட சண்டை முழுக்க அந்த இடத்தில்தான் நின்றது. எங்கட பதில் இது: சிப்பும் மொழியும் தனித்தனித் தெரிவு மாதிரித்தான் தெரியும். ஆனால் பைத்தன்தான் என்று முதலே முடிவெடுத்தால் சிப்பையும் பற்றரியையும் செலவையும் நீங்கள் தெரிவு செய்யவில்லை, உங்களுக்காக மொழி தெரிவு செய்துவிட்டது. வேலை என்ன, கரண்ட் எங்கிருந்து வரும், பழுதானால் ஆர் திருத்துவது என்று கேட்டுவிட்டு, பிறகுதான் மொழிக்கு வர வேணும். இங்கே எல்லாரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

தலைகீழாகத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். ஒரு நிறுவனம் இரண்டு நாள் பட்டறை வைத்தது. வைஃபை போர்ட், மைக்ரோபைத்தன், மண்ணின் ஈரம் போனில் கோடாக ஏறி இறங்கும். சரியான வடிவு. சாப்பாட்டுப் பார்சலும் சான்றிதழும் தந்தார்கள். மூன்றாம் கிழமை ரவுட்டரின் டேற்றா முடிந்தது, மீள்நிரப்ப ஆள் இல்லை. கோடு வருகிற இணையக் கணக்கின் பாஸ்வேட் பயிற்றுநரோடு போய்விட்டது. போர்ட்டுகள் இப்ப ஒரு அலுமாரிக்குள் இருக்கின்றன. பைத்தனால்தான் இது நடந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த இரண்டு நாளும் “இது எவ்வளவு கரண்ட் குடிக்கும்?” என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராத மாதிரி எல்லாம் வழுவழு என்று இருந்தது.

அதற்குப் பிறகு நாங்களாகச் செய்ததுதான் கிணற்றுக் கருவி. ஜெயபுரத்தில் ஒரு தோட்டக் கிணறு. தண்ணி மட்டம் இறங்கி, மோட்டர் காய்ந்து ஓடத் தொடங்க முன்னம் பஸர் கத்த வேணும், வீட்டில் ஆராவது ஓடிப்போய் சுவிச்சை நிப்பாட்ட வேணும். அவ்வளவுதான் வேலை. இரண்டு ஸ்ரெயின்லெஸ் கம்பி, ஒரு ஏரிரைனி, ஒரு பஸர், பற்றரி. கம்பிகளுக்கு எந்த நேரமும் கரண்ட் குடுத்தால் ஒன்று அரித்துப்போகும். அதனால் கண் முழிக்கிற நேரம் மட்டும், ஒருக்கா இந்தப் பக்கம் ஒருக்கா அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் குடுத்தோம். நிரல் தொண்ணூறு வரிக்குக் கிட்ட. யூனோவையே புரோகிராமராக மாற்றி (றீசெற்றுக்கும் கிறவுண்டுக்கும் நடுவில் ஒரு 10 மைக்ரோ பரட் கொண்டென்சர்) சிப்பில் ஏற்றினோம்.

இரவு எட்டு மணிக்குப் பற்றரி போட்டு, கம்பியைத் தூக்கிப் பார்த்தோம். கத்தியது. சந்தோசமாகப் போய்ப் படுத்தோம். விடிய ஆறரைக்கு மோட்டர் போட்டார்கள். தண்ணி இறங்கியது. கருவி வாய் திறக்கவில்லை. மோட்டர் காய்ந்து ஓடி சீல் போனது.

“தம்பியவை, உது கத்தேல்லையே” என்று மட்டும்தான் ஐயா சொன்னார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுத்தது. எத்தனை செக்கன் போனது என்று எண்ணுகிற மாறிக்கு வெறும் ‘இன்ட்’ என்று போட்டிருந்தோம். லப்டொப்பில் அது 32 பிட். ஏவிஆரில் 16 பிட். 16 பிட்டில் ஆகக் கூடின எண் 32,767. அத்தனை செக்கன் என்றால் 9 மணித்தியாலமும் 6 நிமிசமும். இரவு எட்டுக்குத் தொடங்கின எண்ணிக்கை விடிய ஐந்து மணி ஆறு நிமிசம் அளவில் மறை எண்ணாகப் போய்விட்டது. அடிக்கடி கத்தி ஆட்களுக்கு வெறுப்பேற்றக் கூடாது என்று, “அடுத்ததாகக் கத்தலாம்” என்ற நேரத்தையும் ஒரு மாறியில் வைத்திருந்தோம். இரவு சோதித்தபோது எழுதின நேரம் அதில் நேர் எண்ணாக இருந்தது. இப்போதைய நேரம் மறை எண். அது வந்தால்தானே கத்தும்? பகல் இரண்டு மணி தாண்டும்வரை கருவி தன்னுடைய கணக்குப்படி சரியாகத்தான் நடந்தது.

பைத்தன் என்றால் இது நடந்திருக்காது. பைத்தனின் எண் இடம் போதாவிட்டால் தானாகப் பெருக்கும். இதைச் சொல்லித்தான் எங்களை ஒரு கிழமை நக்கலடித்தார்கள், நக்கலடிக்க உரிமையும் இருக்கிறது. சி மொழி கையில் கத்தியைத் தரும், உறையைத் தராது. ஆனால் ஒன்று. திருத்தம் என்ன? 32 பிட் குறியில்லா முழு எண் என்று மாற்றினோம். மேலதிகமாக இரண்டு பைட். இனி அது நிரம்ப 136 வருசம் வேணும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில்தான் ‘ஒரு எண் எங்கேயோ ஒரு இடத்தில், குறிப்பிட்ட அளவான பெட்டிக்குள் இருக்கிறது’ என்பது எங்களுக்கு உறைத்தது. இப்ப எங்களில் ஒருத்தரும் அளவு சொல்லாமல் மாறி எழுதுவதில்லை.

சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் பாடத்தில் இவ்வளவு நாளும் பாஸ்கல், உயர்தரத்தில் பைத்தன். பாஸ்கலை எல்லாரும் பழசு என்று சிரிக்கிறார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் “மாறியை முதலே அறிவி, அது என்ன வகை என்று சொல்லு” என்று பிடரியில் தட்டிச் சொல்லித் தந்தது அந்தப் பழசுதான். உயர்தரத்தில் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறோம். சின்ன சிப்பிடம் வரும்போது திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

கடகடவென்று சிலதைச் சொல்லிவிடுகிறோம். “ஆர்டுயினோ மொழி” என்று ஒன்று இல்லை, அது சி++, மேலே கொஞ்சம் சீனி தூவியது. சீனி நல்லது, ஆனால் ஒரு காலை ஏற்றி இறக்க இரண்டு சுற்றில் முடிகிற வேலைக்கு அது ஐம்பதுக்கு மேல் எடுக்கும். அதன் ‘ஸ்ரிங்’ வசதியை 2 கிலோபைட் ராமில் பாவித்து நினைவகத்தைச் சல்லடை ஆக்காதீர்கள். ரஸ்ட் பற்றிக் கேட்பவர்களுக்கு: எங்கட மாதிரியான எண் பிழைகளை அது சோதனை ஓட்டத்திலேயே பிடித்து நிப்பாட்டும், ஏஆர்எம் சிப்புகளுக்கு அருமையானது. ஏவிஆருக்கு 2020 இல்தான் அதன் பரிசோதனைப் பதிப்புக்குள் இடம் கிடைத்தது. அதோடு அதன் கருவிகளை இறக்கவும் கம்பைல் பண்ணவும் எங்கட லப்டொப்பும் டேற்றாவும் தாங்காது. அசெம்பிளியில்தான் எழுதுவேன் என்று நிற்கிற வீரர்களுக்குக் கும்பிடு. லப்டொப்பே இல்லாதவர்களுக்கு: ஆர்டுயினோட்ரொயிட் என்ற செயலியை அன்ட்ரொயிட் போனில் போட்டு, ஓரீஜீ கேபிளால் யூனோவுக்கு நிரல் ஏற்றலாம். கம்பைல் பண்ணுவது போனுக்குள்ளேயே.

இனித் தமிழ். சிலர் மனம் நோவார்கள், ஆனாலும் சொல்ல வேணும். கருவி தமிழில் கதைக்க வேணும் என்று நாங்களும் ஆசைப்பட்டோம். யூரிஎப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். விசிறிக்கும் புள்ளிக்கும் தனியாக மூன்று. ‘கிளிநொச்சி’ என்று எழுத 30 பைட். ‘தண்ணீர் இல்லை’ என்பதற்கு, கடைசிச் சுழியத்தோடு சேர்த்து 38 பைட். ஏவிஆரில் இப்படியான சொற்களைச் சும்மா எழுதினால் சிப் எழும்பும்போதே அவை ராமுக்குள் வந்து குந்திவிடும். பதின்மூன்று தரம் ‘தண்ணீர் இல்லை’ என்றால் 494 பைட், ராம் முடிந்தது. பிளாஷிலேயே வைத்து வாசிக்க வழி இருக்கிறது. வைத்தாலும், கடையில் கிடைக்கிற இரண்டு வரி எல்சிடியில் நாங்களாக வரையக்கூடிய எழுத்து எட்டுத்தான். எட்டுக்குள் எந்தத் தமிழை அடக்குவது?

தமிழிலேயே நிரல் எழுதலாமே என்றால், முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம். ஆனால் அது பைத்தனுக்கு மேல் கட்டியது. பைத்தனே போகாத இடத்துக்கு எழில் போகாது.

ஆனால் சி நிரலில் நீங்கள் எழுதுகிற குறிப்புரைகளைக் கம்பைலர் தூக்கி எறிந்துவிடும். சிப்பில் ஒரு பைட் கூட ஏறாது. அப்ப ஏன் அதை உடைந்த ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்? எங்கட தொண்ணூறு வரிக்கும் பக்கத்தில் தமிழில் குறிப்பு இருக்கிறது. “இந்தக் காலை ஏன் ஏற்றி இறக்குகிறோம் எண்டால் கம்பி அரிக்காமல் இருக்க” என்று, கதைக்கிற மாதிரி. 512 பைட் சிப்புக்குத் தமிழ் நிரல் எழுத இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

கடைசியாக, தோற்ற பக்கம் எங்களை மடக்கிய இடம். “சி நிரலைச் சிப்பில ஏத்தின பிறகு உள்ளுக்க இருக்கிறது வெறும் எண். உங்கட லப்டொப் செத்தா, நீங்கள் கனடாவுக்குப் போனா, அந்தக் கருவியை ஆர் திருத்துறது? மைக்ரோபைத்தன் எண்டால் கேபிளைக் குத்தின உடன நிரல் அப்படியே தெரியும், குறிப்புரையோட.”

இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அது உண்மை. பைத்தன் கோப்பு போர்ட்டின் நினைவகத்திலேயே கிடக்கும், பத்து வருசம் கழித்து ஆர் வந்தாலும் திறந்து வாசிக்கலாம். “பழுதானால் ஆர் திருத்துவது என்று முதலில் கேள்” என்று பெரிதாகச் சொன்ன ஆட்கள் நாங்கள்தான். அந்தக் கேள்வியாலேயே அடித்துவிட்டார்கள். வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால், கேபிளில் கரண்ட் இருக்கிற இடத்தில், பிகோவும் மைக்ரோபைத்தனும்தான் நல்லது என்றும் ஒத்துக்கொண்டோம். இப்ப அப்படித்தான் தொடங்குகிறோம்.

கிணற்றுக்கட்டுக்கு மட்டும் விட்டுக்குடுக்கவில்லை. 8 கிலோபைட் சிப்பில் ஒரு நன்மை, அதுக்குள் போகிற நிரல் காகிதத்திலும் அடங்கும். எங்கட தொண்ணூறு வரியும் தமிழ்க் குறிப்புகளும் சேர்க்கிட் படமும் இரண்டு ஏ4 தாள். பிறின்ற் எடுத்து, மடித்து, பொலித்தீன் பையில் போட்டு, கருவியின் பெட்டி மூடிக்குப் பின்னால் ஒட்டினோம். கையால் பார்த்துத் தட்டச்சு செய்தாலும் ஒரு பின்னேர வேலை.

போன கிழமை பற்றரி பார்க்கப் போனோம். பையை ஆரோ திறந்திருக்கிறார்கள். பஸருக்கும் பஸருக்கும் நடுவில் எத்தனை செக்கன் என்ற வரியில் 600 ஐ வெட்டி, பென்சிலால் 300 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில், “மோட்டர் சத்தத்தில ஒருக்கா கத்தினா கேக்காது”. ஐயாவின் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு. சிப்பில் இன்னும் 600 தான் இருக்கிறது. வாற ஞாயிறு லப்டொப்பைக் கொண்டுபோக வேணும், இந்த முறை கேபிளைக் குத்துவது அவள்.